ஒரு கண்மாய், நாலு கேமரா: சேர்ந்து படமெடுக்க நினைக்கிறவங்களுக்கு

எனக்குக் கல்யாண போட்டோதான் பிழைப்பு. புதூர்ல சின்ன ஸ்டுடியோ. முகூர்த்தம்னா முதல்நாள் ரிசப்ஷன்ல தோள்ல ஏறின கேமரா மறுநாள் பந்தி முடிஞ்சுதான் இறங்கும். ஆடியும் மார்கழியும் கை காலி. புரட்டாசியும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த மாசங்கள்ல சும்மா உட்கார முடியாம நாங்க நாலு பேர் ஊருக்கு வெளியே போய்ப் படமெடுக்க ஆரம்பிச்சது இப்ப வருஷம் முழுக்க ஓடுது. "நாங்களும் இப்படி ஒரு குழு வைக்கணும்ணே, எப்படி ஆரம்பிக்கிறது?"னு கேட்டு வர்ற தம்பிகள் அதிகமாயிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் டீக்கடை வாசல்ல நின்னு சொல்றதை இங்க எழுதி வச்சுடுறேன்.

குழுன்னதும் எல்லாரும் போடுற திட்டம் ஒண்ணுதான். இந்த வாரம் சிறுமலை, அடுத்த வாரம் அழகர்மலை, அதுக்கடுத்து வைகை அணை. ஆறு மாசத்துல போன இடப் பட்டியல் நீளும், எந்த இடமும் பழக்கமாகியிருக்காது. நான் சொல்றது நேர்மாறு. ஒரே இடத்தைப் பிடிங்க. ஒரு முழு வருஷம் அங்கேயே திரும்பத் திரும்பப் போங்க. புது இடம்னா யார் கண்ணுக்கும் அழகாத்தான் தெரியும், அதுக்குக் கூட ஆள் வேண்டியதில்லை. பத்து தடவை பார்த்த கரையில இன்னும் என்ன இருக்குன்னு தேடுறப்பதான் பக்கத்துல நிக்கிறவரோட கண் உதவும்.

ஆளும் இடமும்

நாலு பேர், மிஞ்சிப் போனா அஞ்சு. ரெண்டு, மூணு பைக்ல அடங்கணும். இருபது பேர் போனா அது டூர். ஊர்க்காரங்களும் நம்மளை டூர் வந்தவங்களாத்தான் நடத்துவாங்க. அஞ்சு பேருமே கல்யாண போட்டோகிராபரா இருக்கவும் வேண்டாம். எங்கள்ல ஒருத்தர் ரிட்டயர்டு புவியியல் வாத்தியார், சார்னுதான் கூப்பிடுறோம். ஒருத்தர் வங்கியில வேலை பார்க்கிற அக்கா, அவங்ககிட்ட போன் மட்டும்தான். ஒருத்தன் ஃபிளெக்ஸ் டிசைன் பண்ற தம்பி. ஒரே மரத்தடியில சார் மண்ணைப் பார்ப்பார், அக்கா ஆளைப் பார்ப்பாங்க, தம்பி எழுத்து எங்க இருக்குன்னு தேடுவான். நான் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பார்ப்பேன், தொழில் புத்தி.

இடம் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள்ள இருக்கணும். விடியறதுக்கு முன்னாடி போய்ச் சேரணும், அலுக்காம திரும்பத் திரும்பப் போகணும்னா இதுதான் எல்லை. மதுரைக்காரங்களுக்கு இதுல பஞ்சமே இல்லை. கீழக்குயில்குடி சமணர்மலையில அடிவாரத்து ஆலமரம், தாமரைக்குளம், அய்யனார் கோயில் குதிரைகள், படியேறினா சமணச் சிற்பங்கள் இருக்கிற பேச்சிப்பள்ளம்னு ஒரே இடத்துல எல்லாம் கிடைக்கும். ஆனா ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. பறவைப் பிரியர்களுக்குச் சாமநத்தம் கண்மாய் இருக்கு, விமான நிலையம் பக்கம்கிறதால ட்ரோன் ஆசையை வீட்லயே விட்டுட்டுப் போகணும். ஒத்தக்கடை யானைமலை பக்கத்துல குடியிருக்கிறவங்க வேற எங்கேயும் தேட வேண்டாம்.

எனக்கு மலையைவிடக் கண்மாய்தான் இதுக்கு ஏத்தது. மலை வருஷம் பூரா ஏறக்குறைய ஒரே மாதிரி நிக்கும். கண்மாய் ஐப்பசி, கார்த்திகையில நிறையும், தையில பின்வாங்கும், பங்குனியில வெடிக்கும், ஆடியில புழுதி பறக்கும். அதோட மனுஷன் கட்டினது, மனுஷன் இன்னும் வேலை செய்யிற இடம். ஆளை ஒதுக்கிட்டு எடுக்கிற வெறும் சீனரி அங்க கிடைக்கவே கிடைக்காது. எங்க கண்மாய் மேலூர்ப் பக்கம். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த முகூர்த்தத்துக்குள்ள ப்ரீ வெட்டிங் கோஷ்டி புகைக்குண்டோட வந்து நிக்கும். எனக்கே தெரிஞ்ச தொழில்தானே.

ஊரைப் பத்தித் தெரியாதவங்க ஆரம்பத்துல ஒரு தடவை பசுமை நடைக்காரங்களோட போயிட்டு வாங்க. 2010-ல யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்குறோம்னு பேச்சு வந்தப்ப எழுந்த எதிர்ப்பை ஒட்டி உருவான குழு. மலை, கல்வெட்டு, குடைவரைன்னு கூட்டமா நடந்து விஷயம் தெரிஞ்சவங்க சொல்லக் கேட்கலாம். எது உங்க இடம்னு முடிவு பண்ண அது உதவும். முடிவு பண்ணினப்புறம் நாலு பேரா போங்க.

முதல் நாள்

முதல் தடவை கேமரா இல்லாமப் போய்ப் பழகிட்டு வரணும்னு பலர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடு கிடையாது. சும்மா வந்த மாதிரி பேசிட்டு அடுத்த வாரம் பையைத் திறந்து லென்ஸை எடுத்தா, "அன்னைக்கு ஏன் சொல்லலை"ங்கிற கேள்வி அவங்க மூஞ்சியிலயே தெரியும். கேமரா கழுத்துல தொங்கட்டும். மூடி போட்டே இருக்கட்டும்.

முதல்ல டீக்கடை. ஊர்த் தலைவர் யாரு, கோயில் எந்தக் காலத்துதுன்னு ஆரம்பிக்காதீங்க. தண்ணியைப் பத்திக் கேளுங்க. இந்தக் கண்மாய்க்கு வரத்து எங்கிருந்து? மடை எத்தனை? கடைசியா எப்ப நிறைஞ்சு மறுகால்ல வழிஞ்சு பாஞ்சுச்சு? மேலூர் பக்கம் பெரியாறு பாசனத்துல ஒருபோகம், கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அணையில தண்ணி எவ்வளவு நிக்குதோ அதை வச்சுத்தான் திறப்பாங்க. அதனால தண்ணிப் பேச்சை எடுத்தா ஊரே வாயைத் திறக்கும். எந்த மாசம் நாத்து, எந்த மாசம் அறுப்பு, எப்ப ஆடு கிடை போடுவாங்க, எல்லாம் அந்த ஒரு பேச்சுல வந்துரும். அதுதான் உங்க ஒரு வருஷத்துப் படத்துக்குக் காலண்டர்.

எங்களுக்கு அன்னைக்கு வாய்ச்சவர் மடை பார்க்கிற நீர்பாய்ச்சிப் பெரியவர்.

"போட்டோ எடுத்து என்னய்யா செய்யப் போறீக?"

சார் பவ்யமா, "சும்மா பாக்கத்தான்யா வந்தோம்"னார்.

"சும்மா பாக்கிறதுக்கு எதுக்குய்யா இம்புட்டு நீளக் குழாய்?"

என்னோட 70-200 லென்ஸைத்தான் சொன்னார். அப்புறம் அவரே கரையில கூட்டிட்டுப் போய், "கார்த்திகை கழிச்சு வாங்க, இந்தக் கல்லு முங்கியிருக்கும்"னு குமிழி மடையைக் காட்டினார்.

ஒரே புள்ளியில நின்னு எடுக்கிறது

குமிழி மடையைப் பார்க்காதவங்களுக்கு: கரையை ஒட்டிக் கண்மாய்க்குள்ள ரெண்டு கல்தூண் ஜோடியா நிக்கும். நடுவுல ஓட்டை போட்ட குறுக்குக் கல். அந்த ஓட்டை வழியா ஒரு நீளக் கட்டை இறங்கி, கீழே தரையில இருக்கிற குழியை அடைச்சிருக்கும். கட்டையைத் தூக்கினா தண்ணி கரைக்கு அடியில ஓடுற பாதை வழியா வயலுக்குப் போகும். நிறைய இடத்துல இப்ப இரும்புத் திருகு ஷட்டர் வந்துருச்சு. தூண் மட்டும் நிக்கும். அதுல தண்ணி நின்ன தடம் வரிவரியாப் படிஞ்சிருக்கும். மேல வெள்ளை, நடுவுல பாசி காஞ்ச கறுப்பு, அடியில செம்மண். ஒரு வருஷத்துக் கணக்கு அந்தக் கல்லுலயே இருக்கு.

இதை மாதிரி நகராத ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, மாசம் ஒரு தடவையாவது அதே இடத்துல நின்னு, அதே சட்டகத்துல எடுக்கணும். சொல்றது சுலபம், அதே இடத்துல நிக்கிறதுதான் கஷ்டம். கால்ல அடையாளம் வச்சா மழை கழுவிரும், குச்சி நட்டா ஆடு தள்ளிரும். அதனால கண்ணால அடையாளம் வைக்கணும். கிட்ட இருக்கிற தூணோட இடது ஓரமும், தூரத்து மலைச்சரிவு முடியிற இடமும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி நில்லுங்க. இது ஒரு கோடு. அந்தக் கோட்டு மேலயே முன்னாடி பின்னாடி நகர்ந்தா, பக்கவாட்டுல ஒரு பனைமரமும் அதுக்குப் பின்னாடி செல்போன் டவரும் ஒண்ணாச் சேர்ற இடம் வரும். இது ரெண்டாவது கோடு. ரெண்டும் வெட்டுற இடத்துலதான் உங்க கால். ஒரு அடி விலகினாலும் பனை டவரை விட்டு நகர்ந்துரும், உடனே தெரியும். கிட்ட இருக்கிற பொருளும் தூரத்துப் பொருளுமா ஜோடி போடணும், ரெண்டுமே தூரம்னா நகர்ந்தது தெரியாது.

லென்ஸ் அளவை மாத்தாதீங்க. கிட் லென்ஸ்னா 18-லயே வைங்க, அதுதான் முனை, அடுத்த தடவை யோசிக்க வேண்டாம். போன்னா ஒண்ணு எக்ஸ். கேமரா நெஞ்சு உயரம். முதல் படத்தை ஒரு மேக்ஸி (4x6 இன்ச்) பிரிண்ட் போட்டு பைல வச்சுக்கங்க. அங்க நின்னு பிரிண்டையும் திரையையும் மாத்தி மாத்திப் பார்த்தா, அடிவானம் எங்க இருந்துச்சுன்னு ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

எங்க வழக்கம்: அந்தப் படத்தை மாசம் ஒருத்தர் எடுப்போம். எடுத்தவர் அப்படியே நின்ன இடத்துலயே திரும்பி, முதுகுப் பக்கம் என்ன இருக்கோ அதுல ஒண்ணு தன் இஷ்டத்துக்கு எடுக்கணும். முன்னாடி எடுத்தது எல்லாருக்கும் பொது, பின்னாடி எடுத்தது அவருடையது. வரிசையா வச்சுப் பார்த்தா, முன்பக்கம் கண்மாயோட வருஷம் தெரியும், பின்பக்கம் எங்க நாலு பேரோட குணம் தெரியும்.

நம்ம ஊர் வெயில்

யூடியூப்ல காலை, மாலை மஞ்சள் வெளிச்ச நேரத்தை 'கோல்டன் அவர்'னு சொல்லிக் கொடுக்கிறவங்க பாதிப்பேர் குளிர்நாட்டுக்காரங்க. அங்க சூரியன் சாய்வா ஏறும், மஞ்சள் வெளிச்சம் நிதானமா நிக்கும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில இருக்கு. இங்க சூரியன் ஏறக்குறைய செங்குத்தா ஏறும். நல்ல மஞ்சள் வெளிச்சம் அரை மணி நேரம், ரொம்பத் தாராளமாச் சொன்னா முக்கால் மணி. சூரியன் மறைஞ்சப்புறம் நீலம் நிக்கிறதும் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். சட்டி சூடாகுறதுக்குள்ள தோசை மாவைத் தேடுற கதையா, வெளிச்சம் வந்தப்புறம் இடம் தேடக்கூடாது. எங்க நிக்கப் போறோம்னு முதல் தடவையே பேசி வச்சுக்கணும்.

சூரியன் உதிக்கிற இடமும் நகரும். ஆனி மாசம் நேர்கிழக்குக்கு வடக்கே சுமார் 24 டிகிரி தள்ளி, மார்கழியில தெற்கே அதே அளவு. கையை நீட்டி முஷ்டி பிடிச்சா அது ஏறக்குறைய பத்து டிகிரி. அப்படின்னா ஆனிக்கும் மார்கழிக்கும் நடுவுல அஞ்சு முஷ்டி அகலத்துக்குக் கொஞ்சம் குறைவா சூரியன் இடம் மாறுது. ஆனியில மலைக்குப் பின்னாடி உதிச்சது மார்கழியில வயலுக்கு மேல உதிக்கும். கரையில நின்னு இதை முஷ்டியால அளந்து பாருங்க, ஆப் தேவையில்லை.

இன்னொண்ணு பலருக்குத் தெரியறதில்லை. சித்திரை ஆரம்பத்துல ஒரு தடவை, ஆவணி முதல் பாதியில ஒரு தடவை மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டு வச்ச கம்புக்கு நிழலே விழாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல உச்சிவெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். வடக்கைப் பார்த்த பாறைமுகம், கோயில் சுவர், வருஷத்துல பெரும்பாலும் நிழல்லயே கிடக்கிறது, அப்பதான் வெயில் பார்க்கும். உங்க இடத்துல அப்படி ஒரு சுவரோ பாறையோ இருந்தா அந்த மாசங்களுக்கு ஒத்தி வைங்க.

ஐப்பசி மழை ஓஞ்ச மறுநாள் காலையை விட்டுறாதீங்க. புழுதி அடங்கி, அழகர்மலை மடிப்பு மடிப்பாத் தெரியும். கோடையில அதே மலை வெறும் சாம்பல் கறை. தண்ணிக்குள்ள கொக்கு நின்னாலோ வெள்ளை வேட்டி வந்தாலோ எக்ஸ்போஷரை, அதாவது படத்துல விழுற வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப் குறைச்சுக்கங்க. வெள்ளை வெந்துபோச்சுன்னா எந்த சாஃப்ட்வேரும் மீட்காது.

சேர்ந்து செய்யிற பயிற்சிகள்

பத்தடி வட்டம். மரத்தடியோ மடையோ, ஒரு இடத்தைச் சுத்தி பத்தடிக்குள்ள மட்டும் எல்லாரும் இருபது நிமிஷம் எடுக்கணும். ஆளுக்கு ரெண்டு படம்தான் காட்டலாம். மூணாவது காட்டினா டீச்செலவு அவர் தலையில. முதல் அஞ்சு நிமிஷம் எல்லாரும் ஒரே படத்தை எடுப்போம். பத்து நிமிஷத்துல எடுக்க ஒண்ணுமில்லைன்னு தோணும். அதுக்கப்புறம்தான் ஏதாவது வரும்.

தொடர் படம். முதல் ஆள் ஒரு படம் எடுத்து அடுத்தவருக்குக் காட்டுவார். அவர் அந்தப் படத்துல ஓரமா இருக்கிற ஏதோ ஒண்ணைப் பிடிச்சு அடுத்த படத்தை எடுக்கணும். கரையில காயுற சேலை ஓரத்துல ஒரு ஆட்டுக்கால் தெரிஞ்சா அடுத்தது ஆடு. ஆட்டுக்குப் பின்னாடி கருவேல முள் வேலி தெரிஞ்சா அடுத்தது வேலி. சாருக்கு இது விளையாட்டுத்தனமாத் தெரிஞ்சு ரொம்ப நாள் சேரவே இல்லை. அப்புறம் அவர்தான் நிறுத்த விடறதில்லை.

டார்ச் வேலை. சமணர்மலை மாதிரி இடத்துக்குப் போனா இதைச் செய்யுங்க. புடைப்புச் சிற்பத்தையோ கல்வெட்டையோ நேரா ஃபிளாஷ் அடிச்சு எடுத்தா எல்லாம் தட்டையாப் போயிரும். ஒருத்தர் கேமரா பிடிக்க, இன்னொருத்தர் செல்போன் டார்ச்சைப் பாறையோட ஒட்டினாப்ல பக்கவாட்டுல இருந்து அடிக்கணும். கண்ணுக்கே தெரியாத வட்டெழுத்து வரி நிழலோட எழுந்து வரும். டார்ச் பிடிக்கிறவர் மெல்ல சுத்தி வரும்போது தீர்த்தங்கரர் முகம் மாறுறதைப் பார்க்கணும். அதைத் தனியாப் போறவனால பார்க்க முடியாது. எழுத்து தெரியணும்னு சாக்பீஸ் தேய்க்கிறது, தண்ணி ஊத்துறது, எண்ணெய் தடவுறது எதுவும் கூடாது. தொல்லியல் துறை இடங்கள்ல ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேணும். டார்ச்சும் ரெண்டு கையும் போதும்.

பொருளை மாத்திக்கிறது. ஒரு நாள் அக்கா போனை நான் வாங்கிக்குவேன், என் கேமரா அவங்க கையில. பெருசா விளக்க ஒண்ணுமில்லை, செஞ்சு பாருங்க.

தரையில விரிச்சுப் பார்க்கிறது

மேல சொன்ன எல்லாத்தையும் விட்டாலும் இதை விட்டுறாதீங்க. மாசக் கடைசியில என் ஸ்டுடியோவுல கூடுவோம். வாட்ஸாப் குரூப்ல படம் போட்டு "சூப்பர் ஜி" வாங்குறதை ஆரம்பத்துலயே நிறுத்திட்டோம். அதுல யாரும் யாரையும் பார்க்கிறதில்லை. ஆளுக்குப் பத்துப் படம் மேக்ஸியில போட்டு எடுத்துட்டு வரணும். மேட் பேப்பர்ல போடுங்க. பளபளப்புல டியூப்லைட்தான் தெரியும். பேர் எழுதாமக் கலைச்சு ஜமக்காளத்துல விரிப்போம்.

விதி ரெண்டு. எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. "அன்னைக்கு ஒரு மணி நேரம் முட்டி வரைக்கும் சேத்துல நின்னேன்"ங்கிற கதை படத்துல தெரியலைன்னா அது படத்துல இல்லை. ரெண்டாவது, யாரும் தன் படத்தைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. மத்த மூணு பேர் பொறுக்கினதுதான் அந்த மாசக் கணக்குல சேரும்.

ஒரு தடவை தம்பியோட கட்டுல சூரியோதயம், கொக்குக் கூட்டம்னு அழகழகா ஒன்பது இருந்துச்சு. பத்தாவதா, எண்ணிக்கைக்குச் சேர்த்த ஒரு படம். வரத்துக்கால்ல நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளைங்க கருவேல மரக் கிளையில தூக்குவாளிகளைத் தொங்க விட்டிருந்தாங்க. எவர்சில்வர், அலுமினியம், ஒரு பச்சை பிளாஸ்டிக். ஒவ்வொண்ணு காதுலயும் அடையாளத்துக்கு ஒரு கலர்த் துணிக்கிழிசல் முடிஞ்சிருந்துச்சு. எறும்பு ஏறாம இருக்கத்தான் தொங்க விடுறாங்க. படத்துல ஆளே இல்லை. அக்கா அதை எடுத்து நடுவுல வச்சாங்க. "எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்காங்கன்னு எண்ணிக்கலாம் பாரு"ன்னாங்க. அன்னையிலிருந்து தம்பி கொக்கை விட்டுட்டான். ஊர்ல யார் எதை எங்க தொங்க விடுறாங்கன்னு அவன் எடுத்த வரிசைதான் இப்ப எங்க கையில இருக்கிறதுலயே கனமானது. செருப்பு, சட்டை, மம்பட்டி, தொட்டில்னு போகுது.

அடுத்த மாசம் எங்க நிக்கணும், யாரைப் பார்க்கணும்ங்கிறதும் அந்த ஜமக்காளத்துலதான் முடிவாகும். எல்லாரும் கிழக்குக் கரையையே எடுத்திருக்கோம், மறுகால் பக்கம் ஒரு படம்கூட இல்லைன்னு விரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

மீன்பிடி நாள்

கோடையில தண்ணி வத்தினதும் மேலூர்ச் சுத்துப்பட்டுல கண்மாய்க்குக் கண்மாய் மீன்பிடித் திருவிழா நடக்கும். வருஷம் பூரா அந்த ஊருக்குப் போனவங்களுக்கு நாள் தானாத் தெரிய வரும். அதுவரைக்கும் காத்திருங்க. சேதி கேட்டு அன்னைக்கு மட்டும் ஓடிவர்ற கேமராக்காரங்க கூட்டத்துல சேராதீங்க.

விடியக்காலையிலயே பக்கத்து ஊர் ஜனமெல்லாம் கரையில நிக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் மொத்தக் கூட்டமும் ஒரே பாய்ச்சல். அந்த நேரம் கரையிலயே நில்லுங்க, இறங்கினா மிதிபடுவீங்க. உயரமா நின்னு அகலமா ஒண்ணு எடுத்துட்டு, கூட்டம் பரவினப்புறம் இறங்குங்க. போன்னா பிளாஸ்டிக் கவர்ல போட்டு லென்ஸ் பக்கம் மட்டும் ஓட்டை வச்சுக்கங்க. கேமரான்னா வார் கழுத்துல இருக்கணும், தோள்ல வேண்டாம்.

ஊத்தா குத்துறவங்களைக் கிட்டப் போய்ப் பாருங்க. மூங்கில் சிம்பு வச்சுக் கட்டின கூடை, அடியில அகலம், மேல குறுகல், ரெண்டு பக்கமும் திறந்திருக்கும். சேத்துல ஓங்கிக் குத்தி, மேல்வாய் வழியாக் கையை விட்டுத் துழாவுவாங்க. அந்த நேரம் அவங்க கண்ணு எதையும் பார்க்காது, வேற எங்கேயோ நிலைகுத்தி நிக்கும். எல்லாரும் மீன் வெளியே வர்ற படத்துக்குக் காத்திருப்பாங்க. எனக்குத் துழாவுற அந்த முகம்தான் வேணும். பக்கத்துல முட்டி போட்டு, தண்ணி மட்டத்துல வச்சு எடுங்க. விரால் மாட்டினா முகம் சொல்லிரும், கெளுத்தின்னாலும் சொல்லும், முள் ஏறினா வாயே சொல்லும். அவங்களுக்கு முன்னாடி மறிச்சு நிக்காதீங்க, பக்கவாட்டுல போங்க. நாலு பேரும் நாலு திசையில பிரிஞ்சு நின்னு, ஒருத்தர் சட்டகத்துக்குள்ள இன்னொருத்தர் வராம பார்த்துக்கங்க.

கவனிக்க

பொம்பளைங்க குளிக்கிற, துவைக்கிற துறைப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது, தூரத்து ஜூம்ல கூட. கோயில்காட்டுக்குள்ள செருப்பை வெளியே விட்டுட்டுப் போங்க. கருப்பசாமியைப் படமெடுக்கலாமான்னு பூசாரிகிட்ட கேளுங்க, வேண்டாம்னா வேண்டாம். கூட்டுல இருக்கிற பறவையைக் கிட்டப் போய் எடுக்காதீங்க. கூடு இருக்கிற இடத்தை லொக்கேஷனோட வெளியிடாதீங்க, அரிட்டாபட்டிப் பக்கம் வல்லூறு கூட்டைத் தேடிப் போறவங்களுக்கு இதை ரெண்டு தடவை சொல்றேன். சின்னப் பிள்ளைங்களைப் படமெடுக்க அவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

சேர்த்து வைக்கிறதும் திருப்பிக் கொடுக்கிறதும்

அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 2024 நவம்பர்ல, அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட சேதி வந்துச்சு. மேலூர் வட்டாரமே எழுந்து நின்னுச்சு. 2025 ஜனவரியில ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அந்த ரெண்டு மாசத்துல அங்க எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனா அதுக்கு முந்தின வருஷங்கள்ல, ஒண்ணும் நடக்காத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அந்தக் குன்று, அந்த ஊத்து, அந்தக் கண்மாய் எப்படி இருந்துச்சுன்னு தேதியோட காட்டுற படத்துக்கு வேற எடை. கீழவளவு பக்கம் கிரானைட்டுக்கு அறுத்தெடுத்த குன்றுகளை இப்ப எந்த லென்ஸ் வச்சு எடுக்கிறது?

அதனால ஃபைல் பேரை ஒழுங்கா வைங்க. வருஷம், மாசம், தேதி, இடம், பார்க்கிற திசை, எடுத்தவர். கேமராவுல தேதி சரியா இருக்கான்னு பேட்டரி மாத்துற ஒவ்வொரு தடவையும் பாருங்க. மடை, கலுங்கு, மரம், மீன் எல்லாத்துக்கும் அந்த ஊர்க்காரங்க சொல்ற பேரையே எழுதுங்க. ரெண்டு ஹார்டு டிஸ்க், ரெண்டும் வேற வேற வீட்ல இருக்கட்டும்.

வருஷம் முடிஞ்சதும் கண்காட்சிக்கு ஏசி ஹால் தேட வேண்டாம். பொங்கலை ஒட்டி ஊர்ல எல்லாரும் இருக்கிற நாளாப் பார்த்து, கரை ஆலமரத்துல கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுத் தொங்க விடுங்க. காத்து அடிக்கும், கிளிப் ரெண்டு ரெண்டாப் போடுங்க. "இது எங்க வயலு", "இந்த மரம் போன புயல்ல சாஞ்சிருச்சே"ன்னு அவங்க பேசுறதைப் பக்கத்துல நின்னு எழுதிக்கங்க. உங்க படத்துக்கு அதைவிட நல்ல குறிப்பு உங்களால எழுத முடியாது. சாயங்காலம் யார் யார் படத்துல இருக்காங்களோ அவங்களே கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். நீர்பாய்ச்சிப் பெரியவர் தான் இருந்த படத்தை விட்டுட்டு, மடை முங்கி நின்ன கார்த்திகைப் படத்தைத்தான் கழட்டினார்.

கொடுக்கிறதுக்கு முன்னாடி பின்பக்கம் தேதியும் கண்மாய் பேரும் எழுதுங்க. போட்டோ பேப்பர்ல பால்பாயிண்ட் பேனா வழுக்கும், ஜெல் பேனா இழுகிரும். சி.டி. மார்க்கர் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, எழுதினதும் ஒரு நிமிஷம் காய விட்டு அடுக்குங்க.